திருப்ப முடியாத கரும்பலகை

சென்ற மாதம் வினாயகபுரத்திலுள்ள எமது வீட்டின் சமையற்கட்டுக் கூரையைப் புதுப்பிக்க நேர்ந்தது. உப்புக் காற்று ஆணிகளைத் தின்ன, கறையான் மரத்தைத் தின்ன, எஞ்சியது மழைக்குத் தாங்காது என்று இல்லாள் பல முறை எச்சரித்த பின்னரே நாம் அசைந்தோம் என்பதையும் ஒளியாமற் கூறிவிடுகிறோம்.

அது நாற்புறமும் சரிந்திறங்கும் கூரை. அத்தகைய கூரையில், முகட்டிலிருந்து சுவரின் மூலையை நோக்கி இறங்கும் கைமரமே தச்சுத் தொழிலுக்கு உரைகல். அம்மரம் கீழ்நோக்கியும் சரிகின்றது, பக்கவாட்டிலும் திரும்புகின்றது. ஆதலால் அதன் நுனியை நேராக அறுத்தாற் பொருந்தாது. இரு கோணங்களையும் ஒருங்கே மனத்திற் கொண்டு அறுக்க வேண்டும். வந்திருந்த இளந்தச்சர் மரத்தைச் சற்று உயர்த்திப் பிடித்தார். இப்படியும் அப்படியுமாகத் திருப்பினார். ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். காதில் செருகியிருந்த பென்சிலால் இரண்டு கோடுகள் இட்டு அறுத்தார். மேலே கொண்டுபோய் வைத்தபோது தீக்குச்சி நுழையவும் இடமின்றி அது பொருந்தி நின்றது.

நாம் வியந்தோம். வியப்பு அடுத்த கணமே வெட்கமாக மாறிற்று. ஏனெனில் அவர் எம்முடைய பழைய மாணவர். 2009ஆம் ஆண்டில் பத்தாந் தரத்தில் எம்மிடம் கணிதம் பயின்றவர். பயின்றவர் என்பதைவிட, பயில முடியாமற் போனவர் என்பதே பொருந்தும்.

அக்காலத்தில் ஒரு நாள், கரும்பலகையில் சதுரமுகி ஒன்றை வரைந்து அதன் முகங்களையும் விளிம்புகளையும் விளக்கிக்கொண்டிருந்தோம். அவர் எழுந்து நின்றார்.

"சேர், எல்லா முகமும் சதுரம் எண்டு சொன்னீங்க. படத்தில ஒரு முகந்தானே சதுரம்? மற்றதெல்லாம் சரிஞ்சு கிடக்குதே?"

"அப்படித்தான் வரைவார்கள். பாடமாக்கிக்கொள்" என்றோம்.

மறுவாரமும் அதையே கேட்டார். அதே விடையைக் கூறினோம். மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை. இப்பிள்ளைக்குக் கணித மூளை இல்லை என்று நாம் முடிவு கட்டினோம். தாமும் அவ்வாறே எண்ணிக்கொண்டார் போலும். சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்திற் சித்தியெய்தவில்லை, படிப்பை விட்டார், உளியைப் பிடித்தார்.

தேநீர் அருந்தும் வேளையில் வாய்விட்டுக் கேட்டோம்: "தம்பி, அன்று சதுரமுகியைக் காண முடியாதிருந்தீரே, இன்று இந்த மரத்தின் வெட்டை எப்படிக் கண்டீர்?"

அவர் சிரித்தார். "மரம் கையில இருக்கு சேர். திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். கரும்பலகையைத் திருப்ப ஏலாதே!"

கல்வி உளவியலில் நாம் படித்த நூல்கள் பல. அவை யாவும் கூற முயன்றதை அவர் ஒரே வாக்கியத்திற் கூறிவிட்டார். இவ்வாரம் அந்த வாக்கியத்தையே நேயர்களுடன் சேர்ந்து சிந்திக்க விரும்புகின்றோம்.

படம் கூறும் பொய்கள்

சதுரமுகிக்கு முகங்கள் ஆறு, விளிம்புகள் பன்னிரண்டு, உச்சிகள் எட்டு. ஆனால் வழக்கமாக வரையும் படத்தில் நாம் காண்பது மூன்று முகங்களும் ஒன்பது விளிம்புகளும் ஏழு உச்சிகளுமே. எஞ்சிய மூன்று விளிம்புகள் பின்னால் மறைந்திருக்கும் எட்டாவது உச்சியிற் கூடுகின்றன. அவற்றைப் புள்ளிக் கோடுகளாற் காட்டுகின்றோம். காணும் பகுதியாவது மெய்யா? சதுரங்களை இணைகரங்களாக வரைகின்றோம். செங்கோணத்தைச் செங்கோணமாக வரைவதில்லை. சமனான விளிம்புகளைச் சமனாக வரைவதுமில்லை. தட்டையான பலகையிலே திண்மத்தைக் காட்ட இப்பொய்களைத் தவிர வேறு வழியில்லை.

பழகிய கண்ணுக்கு இவை பொய்களாகவே தோன்றா. ஆசிரியருக்கு அப்பழக்கம் ஏற்பட்டுப் பல்லாண்டுகள் சென்றுவிட்டமையால், தாமும் ஒரு காலத்தில் இவற்றைக் கற்றே அறிந்தார் என்பதை மறந்துவிடுகிறார். உள்ளதை உள்ளபடி நோக்கும் பிள்ளையோ திகைத்து நிற்கின்றது. அன்று எம்மிடம் வினாவிய மாணவர் மந்தபுத்தியினர் அல்லர். படத்தின் பொய்யைப் பொய்யெனக் கண்டவர் அவ்வகுப்பில் அவர் ஒருவரே.

ஒல்லாந்து நாட்டு ஆசிரியத் தம்பதியரான பியர் வான் ஹீலேயும் டீனா வான் ஹீலேயும் 1957ஆம் ஆண்டில் இக்குறையை ஆராய்ந்து வெளியிட்டனர். கேத்திரகணித அறிவு படிப்படியாகவே வளர்கின்றது. முதற்படியில் பிள்ளை வடிவத்தின் தோற்றத்தை மட்டும் காண்கின்றது. அதற்கு மேற்பட்ட படிகளிலேதான் பண்புகளைப் பிரித்தறிகின்றது, தொடர்புபடுத்துகின்றது, நிறுவுகின்றது. ஆசிரியர் மேற்படியில் நின்று பேச, மாணவர் கீழ்ப்படியில் நின்று கேட்டால், இருவரும் ஒரே சொற்களைப் பயன்படுத்தியும் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்வதில்லை என்பது அவர்கள் கண்ட உண்மை. எமது வகுப்பில் நிகழ்ந்ததும் அதுவே.

பிறவிக் கொடையா, பயிற்சியா?

ஒரு பொருளை மனத்தினுள்ளே திருப்பிப் பார்க்கவும், அதன் மறைந்த பக்கத்தை ஊகிக்கவும், வெட்டினால் எவ்வுருத் தோன்றும் எனக் கூறவும் வல்ல ஆற்றலை இடஞ்சார் திறன் என்பர். பொறியியலாளர், சத்திர சிகிச்சை நிபுணர், கப்பலோட்டி, தையற்காரர் ஆகிய அனைவருக்கும் இன்றியமையாதது இது.

மனத்தினுள்ளே பொருளைத் திருப்புதல் வெறும் உவமையன்று. ரொஜர் ஷெப்பர்ட், ஜக்குலின் மெற்ஸ்லர் என்னும் இருவர் 1971ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். சிறு கட்டைகளை ஒட்டியமைத்த உருவங்களின் படங்களை இரண்டிரண்டாகக் காட்டி, இரண்டும் ஒரே உருவமா என வினவினர். ஓர் உருவம் மற்றையதிலிருந்து எவ்வளவு கோணம் திரும்பியிருந்ததோ, அதற்கேற்ப விடை கூற எடுத்த நேரமும் சீராக நீண்டது. கையாற் பொருளைத் திருப்பினால் அதிக தூரத்துக்கு அதிக நேரம் ஆகுமன்றோ? மனமும் அவ்வாறே திருப்பிப் பார்க்கின்றது.

இத்திறன் சிலருக்கே வாய்த்த பிறவிக் கொடை என்னும் எண்ணம் பெற்றோர் பலரிடம் ஆழப் பதிந்துள்ளது. பெண்பிள்ளைகளுக்கு இது வராது என்று கூறுவோரும் உளர். அமெரிக்காவின் மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியையாக இருந்த ஷெரில் சோர்பியின் வரலாறு இவர்களுக்குத் தக்க மறுமொழி. பொறியியல் மாணவியாக இருந்த காலத்தில் திண்மங்களை வரையும் பாடத்தில் இடர்ப்பட்டவர் அவர். பின்னர் அங்கேயே ஆசிரியராகி, 1993ஆம் ஆண்டு முதல், இத்திறன் குன்றிய புதுமுக மாணவர்களுக்கெனத் தனிப் பயிற்சி ஒன்றை நடத்தலானார். முதற் சோதனையிற் பின்தங்கியோரில் பெண்களின் விகிதம் கூடுதலாகவே இருந்தது. ஆனால் பயிற்சி பெற்ற பின் அவர்கள் முன்னேறினர். தொடர்ந்து வந்த பாடங்களிலும் நற்பேறு பெற்றனர். 2013ஆம் ஆண்டில் டேவிட் உட்டால் முதலிய ஆய்வாளர்கள் இத்துறையில் நிகழ்ந்த 217 ஆய்வுகளை ஒருங்கு திரட்டி நோக்கி, இடஞ்சார் திறன் பயிற்சியால் வளரும், வளர்ந்தது நிலைக்கவும் செய்யும் என்று முடிவு கூறினர்.

எனவே 'கணித மூளை இல்லை' என்று நாம் கட்டிய முடிவு, ஒரு மாணவரைப் பற்றிய தீர்ப்பன்று. ஆசிரியர் ஒருவரின் சோம்பலுக்கு இட்ட அழகிய பெயர்.

திரும்பும் பலகை

இப்போது கணினிக்கு வருவோம். ஒஸ்திரியாவின் சால்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் 2001ஆம் ஆண்டில் மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் என்னும் மாணவர் ஜியோஜிப்ரா என்ற மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். 2014ஆம் ஆண்டில் வந்த அதன் ஐந்தாம் பதிப்பில் முப்பரிமாணத் திண்மங்களும் சேர்ந்தன. ஆசிரியரும் மாணவரும் விலையின்றிப் பெறலாம், கைத்தொலைபேசியிலும் இயங்கும். திரையிலே சதுரமுகி ஒன்றை அமைத்து விரலால் இழுத்தால் அது திரும்புகின்றது. மறைந்த மூன்று விளிம்புகள் முன்னே வருகின்றன. முன்னிருந்தவை பின்னே செல்கின்றன. மூன்று புள்ளிகளைக் குறித்து ஒரு தளத்தைச் செலுத்தினால் வெட்டுமுகம் தோன்றுகின்றது. பெட்டியைப் பிரித்து விரிப்பதுபோல் ஆறு முகங்களையும் ஒரே தளத்தில் விரித்துக் காட்டவும் முடிகின்றது.

சுருங்கக் கூறின், தச்சர் கேட்ட 'திருப்பக்கூடிய கரும்பலகை' வந்துவிட்டது. அக்கரைப்பற்றைச் சேர்ந்த நண்பரொருவர், கணினி கற்பிக்கும் இஸ்லாமிய ஆசிரியர், சில ஆண்டுகளுக்கு முன் இதை எமது மடிக்கணினியில் அமைத்துத் தந்தார். நாமும் பெருமிதத்துடன் வகுப்புக்கு எடுத்துச் சென்று, சுவரிலே பெரிதாக ஒளிரச் செய்து, சதுரமுகியையும் கூம்பையும் சுழற்றிச் சுழற்றிக் காட்டினோம். பிள்ளைகள் ஆரவாரித்தனர். மறுநாள் தாளும் பென்சிலும் கொடுத்து வினாவியபோது, முன்னர் அறியாதவர்கள் அப்போதும் அறியாதவர்களாகவே இருந்தனர்.

நண்பரிடம் இதனை முறையிட்டோம். அவர் அமைதியாகக் கேட்டார்: "திருப்பினது யார் சேர்? நீங்களா, பிள்ளைகளா?"

திருப்பியவர் நாம். பிள்ளைகள் படம் பார்த்தார்கள், அவ்வளவே. மற்றவர் சவாரி செய்வதைப் பார்த்து எவரும் துவிச்சக்கர வண்டி ஓட்டப் பழகியதில்லை. பல்லூடகத்தின் பயன் அதன் வண்ணத்திலும் ஓசையிலும் இல்லை. பிள்ளையின் விரலுக்கு அது மறுமொழி கூறுவதிலேயே உள்ளது. அம்மறுமொழியும், பிள்ளை முன்னதாக ஒரு வினாவை மனத்தில் எழுப்பியிருந்தாலன்றிப் பயன் தராது.

அன்று முதல் முறையை மாற்றினோம். ஐவருக்கு ஒரு கருவி என வைத்துக்கொண்டோம். திரையைத் தொடுவதற்கு முன் ஒவ்வொருவரும் தம் ஊகத்தைத் தாளில் வரைய வேண்டும். அடுத்து, பொருளைக் கையில் எடுத்து வெட்டிப் பார்க்க வேண்டும். இறுதியாகவே திரை. ஒரு நாளைய பாடத்தை உதாரணமாகக் கூறுகின்றோம்.

"சதுரமுகியை ஒரே தட்டையான வெட்டாக வெட்டினால் எவ்வெவ் வடிவங்கள் கிடைக்கும்?" என்று கேட்டோம். சதுரம் என்றனர் அனைவரும். செவ்வகம் என்றனர் சிலர். மூலையைச் சீவினால் முக்கோணம் வரும் என்றாள் ஒரு மாணவி. "அறுகோணம் வருமா?" என்றோம். வகுப்பு சிரித்தது. சதுரத்தாலான பொருளுக்குள் ஆறு பக்கம் எங்கிருந்து வரும்?

மரவள்ளிக் கிழங்கைச் சதுரமுகியாகச் சீவி ஒவ்வொரு குழுவுக்கும் கொடுத்தோம். எதிரெதிரான இரு உச்சிகளைத் தெரிந்துகொள்ளச் சொன்னோம். பன்னிரண்டு விளிம்புகளில் அவ்விரு உச்சிகளையும் தொடுபவை ஆறு. தொடாத ஆறு விளிம்புகளின் நடுப்புள்ளிகளைக் குறித்து, அவற்றினூடாகக் கத்தியைச் செலுத்தச் செய்தோம். கிழங்கு இரு சமபாதிகளாயிற்று. வெட்டிய முகத்தில், வெண்ணிறத்தில், ஆறு பக்கங்களும் சமனான அறுகோணம்! சிரித்த வகுப்பு ஓசையடங்கி நின்றது. அதன் பின்னரே திரையைத் திறந்தனர். வெட்டுந் தளத்தைத் தாமே மெல்ல நகர்த்தினர். முக்கோணம் வளர்ந்து அறுகோணமாகி, மீண்டும் முக்கோணமாய்ச் சுருங்கி, எதிர் உச்சியில் மறைவதைக் கண்டனர். தளத்தைச் சற்றுச் சரித்தபோது ஐங்கோணமும் கிடைத்தது. கிழங்கை ஒரு முறைதான் வெட்டலாம். திரையில் ஆயிரம் முறை வெட்டலாம். கணினியின் அருமை இங்கேதான். எனினும் அந்த முதல் வெட்டு கையால் நிகழாதிருந்தால், அடுத்த ஆயிரமும் வெறும் வேடிக்கையாகவே போயிருக்கும்.

சோர்பியின் பயிற்சியிலும் கணினி தனித்து நிற்கவில்லை. கையால் வரையும் பயிற்சி நூலும், கோத்தெடுக்கும் சிறு கட்டைகளும் அதனுடன் சேர்ந்தே இருந்தன.

கையும் மனமும்

இதனினும் வியப்பான சான்று ஒன்று உண்டு. ஒரு கோளத்தைக் கிழிக்காமலும் மடிப்புக் கூர் விழாமலும், தன்னூடே தான் கடந்து செல்ல மட்டும் இடங்கொடுத்து, உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பலாம் என்று ஸ்டீவன் ஸ்மேல் என்னும் கணித மேதை 1950களின் இறுதியில் நிறுவினார். நிறுவியபோதிலும், அது எவ்வாறு நிகழும் என்பதைக் காட்டுவது பெரும் புதிராகவே நின்றது. அப்புதிரை உருவாக அமைத்தவர்களுள் முதன்மையானவர் பிரெஞ்சு நாட்டவரான பெர்னார்ட் மொறின். அவர் தமது ஆறாம் வயதிலிருந்தே கண்பார்வை அற்றவர்! களிமண்ணிலே படிகளைப் பிசைந்து காட்டினார். மற்றொரு கணிதர் அவற்றைக் கம்பிவலையிற் சமைத்தார். அவ்வுருக்களின் அளவுகளைக் கணினிக்கு ஊட்டி, நெல்சன் மக்ஸ் என்பார் 1976ஆம் ஆண்டில் திரைப்படமாக்கினார். களிமண், கம்பி, கணினி என்ற அவ்வரிசையை நேயர்கள் கவனிக்க வேண்டும். பார்வையுள்ளோர் பின்னர் திரையிலே கண்டதைப் பார்வையற்றவர் முன்னரே மனத்திற் கண்டிருந்தார்.

எமது கரையோரத்துக்கும் இது புதிதன்று. மருதமுனைத் தறியிலே நெய்பவர், நூல் குறுக்கே ஓடுமுன் கரைவேலையை மனத்தில் விரித்துக் காண்கின்றார். பன்பாய் இழைக்கும் எம் தாய்மார் எந்தப் படத்தையும் பார்த்து இழைப்பதில்லை. காரைதீவில் 1892ஆம் ஆண்டிற் பிறந்த சுவாமி விபுலானந்தரைப் பாருங்கள். விஞ்ஞானம் கற்று அதனைக் கற்பித்தவர் அவர். வழக்கொழிந்து போன பண்டைத் தமிழரின் யாழை, பழந்தமிழ் நூல்களின் சொற்களையும் கணக்கையும் துணையாகக் கொண்டு ஆராய்ந்து, வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ் என அவற்றின் உருவையும் நரம்பையும் விளக்கினார். 1947இல் வெளிவந்த யாழ்நூல் அவ்வுழைப்பின் கனி. எவரும் கண்ணாற் காணாத ஒரு திண்மத்தைச் சொற்களிலிருந்து மனத்தில் எழுப்பிய இடஞ்சார் திறனுக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டை நாம் எங்கே தேடுவது?

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

2020ஆம் ஆண்டில் பெருந்தொற்றுக் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது கைத்தொலைபேசி எமது பிள்ளைகளின் வகுப்பறையாயிற்று. அன்று நுழைந்த கருவி இன்றும் வீட்டில் இருக்கின்றது. பெரும்பாலும் விளையாட்டுக்கே பயன்படுகின்றது. அதே கருவியில் நாளொன்றுக்குக் கால் மணி நேரம் ஒரு திண்மத்தைத் திருப்பட்டும். ஆனால் ஒரு நிபந்தனை: முதலில் ஊகம், அடுத்துக் கை, பின்பே திரை. மின்வெட்டு நாளொன்றுக்குப் 13 மணித்தியாலம் வரை நீண்ட 2022ஆம் ஆண்டை நாம் மறந்துவிடவில்லை. திரை இருண்ட நாளிலும் கிழங்கும் சவர்க்காரக் கட்டியும் அட்டைப் பெட்டியும் இருக்கவே இருக்கும்.

இன்றிரவு உணவு மேசையில் பிள்ளைகளிடம் இதனைக் கேளுங்கள். பெரிய சதுரமுகி ஒன்றின் வெளிப்புறம் முழுவதும் வர்ணம் பூசி, அதனை 27 சமனான சிறு சதுரமுகிகளாக வெட்டினால், மூன்று முகங்களில் வர்ணமுள்ளவை எத்தனை? இரண்டில் எத்தனை? ஒன்றில் எத்தனை? வர்ணமே படாதவை எத்தனை? எட்டு, பன்னிரண்டு, ஆறு, ஒன்று என்பன விடைகள். விடையை உடனே கூறிவிடாதீர்கள். உச்சி எட்டு, விளிம்பு பன்னிரண்டு, முகம் ஆறு என்பதோடு அவ்வெண்கள் பொருந்துவதைப் பிள்ளையே கண்டுபிடிக்கும் கணத்தை அதனிடமிருந்து பறித்துவிடக் கூடாது. பிள்ளை விளங்காத ஒன்றைக் கேட்டால், 'பாடமாக்கு' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

கூரை வேலை முடிந்த நாளன்று, கூலி வாங்க வந்த தச்சர் தமது சிறு மகளையும் அழைத்து வந்திருந்தார். இரண்டாந் தரத்துப் பிள்ளை. எமது தொலைபேசியில் சதுரமுகியைத் திறந்து அவள் கையிற் கொடுத்தோம். சிறு விரலால் இழுத்தாள். அது திரும்பிற்று. "பின்னாலயும் ஒரு மூலை இருக்கு வாப்பா பாருங்க" என்று அயல்வீட்டுத் தோழியரிடம் கற்ற செல்லச் சொல்லால் தந்தையை அழைத்தாள்.

தச்சர் குனிந்து பார்த்தார். மறைந்திருந்த மூன்று விளிம்புகளும் முன்னே வந்து நின்றன. சரிந்து கிடந்த முகம் திரும்பித் திரும்பி, இறுதியில் நேர்ச் சதுரமாயிற்று. நெடுநேரம் அவர் பேசவில்லை.

"இதைத்தான் சேர், நான் அண்டைக்குக் கேட்டனான்" என்றார்.

ஆம், தம்பி. இதைத்தான் கேட்டீர். விடை கூற எமக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.